டெஸ் ட்ரெலோரை ரயிலிலிருந்து இறக்கிய காலை

போர்ட் அகஸ்டா
மார்ச் 11

சட்டப் பிரிவுக்கு,

உங்கள் செயலியில் புகார் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான் எதையும் தட்டப் போவதில்லை. அதில் தட்டியதால்தான் இந்த நிலைமை. ஆகவே காகிதம், பேனா, தபால்தலை. பதிலும் காகிதத்திலேயே வரட்டும்.

என் பெயர் டெஸ் ட்ரெலோர். சரக்கு ரயில் ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன் என்று எழுத வேண்டும், கை வரவில்லை. போன வசந்தத்திலிருந்து உங்கள் ஆலோசகர் ப்ரியோனியிடம் வாரா வாரம் எழுத்தில் பேசி வந்தேன். எங்கள் ஊரில் மனநல மருத்துவர் கிடையாது. இருந்தாலும் போயிருக்க மாட்டேன். அந்த வாசலில் என் வண்டி நின்றால் சாயங்காலத்துக்குள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிடும். உங்கள் செயலியின் முதல் பக்கத்தில் ‘இங்கே சொல்வது இங்கேயே இருக்கும்’ என்று பெரிதாகப் போட்டிருந்தீர்கள். நம்பினேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை என்ஜினில் ஏறி, பிரேக் சோதனையெல்லாம் முடித்து, சிக்னலுக்குக் காத்திருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் பாஸ்கோ தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

“டெஸ், கீழ இறங்குப்பா.”

“என்ன விஷயம்? சிக்னல் விழப் போகுது.”

“விழட்டும். நீ மொதல்ல இறங்கு. சாவிய எங்கிட்ட குடு.”

டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். போலீஸ்காரப் பெண் என் முழங்கையைப் பிடித்து நடத்திப் போனாள், ஏதோ நான் கண் தெரியாதவன்போல. மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். ஷூவின் கயிற்றைக்கூட உருவிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது, ரயில் ஓட்டத் தகுதியில்லை என்று கம்பெனி மருத்துவர் எழுதிவிட்டிருந்தார்.

ப்ரியோனி ஒரு தடவை போன் செய்தாள். “முடிவு என்னோடது இல்ல டெஸ். மேல கேட்டுட்டுதான் பண்ணோம்” என்று அழுதாள். மேலே என்றால் யார்? அந்த ஆளின் பெயர் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

டெஸ் ட்ரெலோர்

*

சட்டப் பிரிவு, காலிங்வுட், மெல்பர்ன்
மார்ச் 20

திரு. ட்ரெலோர் அவர்களுக்கு,

உங்கள் மார்ச் 11 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. நான் இந்த நிறுவனத்தில் பணிபுரியும் வழக்கறிஞர். உங்களுடைய வழக்கறிஞர் அல்ல. உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு இடமில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

ஒருவருடைய உயிருக்கோ பிறர் உயிருக்கோ கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும்போது, அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே, தேவையானவர்களுக்குத் தேவையான அளவு தகவலைத் தெரிவிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நீங்கள் பதிவு செய்தபோது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. மார்ச் 3 அன்று நடந்தது அதன்படியே நடந்தது. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

மேலே உள்ள பத்தியை அனுப்பும்படி எனக்குச் சொல்லப்பட்டது. அது பொய்யல்ல. ஆனால் நீங்கள் கேட்டது ஒரு பெயர்.

மொய்ரா காஸ்டிகன். போலீஸுக்குச் சொல்லுங்கள், ரயில் கம்பெனிக்கும் சொல்லுங்கள் என்று சொன்னது நான்.

மொய்ரா காஸ்டிகன்

*

போர்ட் அகஸ்டா
மார்ச் 29

காஸ்டிகன் அம்மையாருக்கு,

பெயர் வராது என்றுதான் நினைத்தேன். ‘எங்கள் குழு’, ‘எங்கள் நடைமுறை’ என்று ஏதாவது வரும், கிழித்துப் போடலாம் என்று காத்திருந்தேன். இப்போது ஒரு பெண்ணின் பெயர் வந்து சமையலறை மேசைமேல் கிடக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

சரி, உங்களுக்கே சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில், ஊருக்கு வடக்கே, சாலை தண்டவாளத்தைக் கடக்கிற ஒரு கடவுப்பாதையில் ஒரு பெண் காரை நிறுத்தினாள். பழுதாகி நிற்கவில்லை. நிறுத்தினாள். நான் பிரேக்கை முழுக்கப் போட்டேன், ஹாரனை விடவே இல்லை. இரும்புத்தாது ஏற்றிய ரயில் நினைத்த இடத்திலெல்லாம் நிற்காது அம்மா. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்களுக்குள் கண்ணும் கண்ணும் சந்தித்தன, அவ்வளவு நேரம் இருந்தது.

கம்பெனி எனக்கு விடுப்பு கொடுத்தது. திரும்பி வந்ததும் பாஸ்கோ, “எல்லாம் ஓகேதானே?” என்றார். “ஓகேதான்” என்றேன். அவ்வளவுதான் எங்கள் ஊர்ப் பேச்சு. மனைவி லொரெல் கேட்டாள், “ஏன் ராத்திரில எழுந்து உக்காந்திருக்க?” தூக்கம் வரவில்லை என்றேன். மருந்து, மனநோய் என்று ஏதாவது வாயிலிருந்து வந்தால் என்ஜின் போய்விடும். எனக்கு வேறு வேலை தெரியாது. அதனால்தான் உங்கள் செயலி.

அந்தத் திங்கட்கிழமை நான் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. ‘பாலத்துக்கு முந்தின வளைவு வரும்போதெல்லாம், இன்றைக்கு வேகத்தைக் குறைக்காமல் விட்டால் என்ன என்று தோன்றுகிறது. நாளைக்கும் அதே வண்டிதான்.’ இதுதான். அது பேச்சு, அவ்வளவே. மனிதனுக்கு ஆயிரம் தோன்றும். தோன்றுவதைச் சொல்லத்தானே அந்த இடம்? சொன்னால் போலீஸ் வரும் என்றால் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா? லொரெலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். எங்கோ அடியில் எறும்பு ஊர்கிற அளவில் இருக்கிறது.

இப்போது பட்டறையில் ரயில் பெட்டி கழுவுகிறேன். லொரெலுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ரத்த அழுத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டெஸ்

*

மெல்பர்ன்
ஏப்ரல் 9

திரு. ட்ரெலோர்,

இந்தக் கடிதத்தை நான் எழுதத்தான் வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். நிறுவனத்தின் வழக்கறிஞர், புகார் செய்தவருக்கு இப்படியெல்லாம் எழுதுவதில்லை. ஆனால் உங்களைப் பற்றிய ஒரு காலை என்னிடம் இருக்கிறது. அது உங்களுக்குச் சேர வேண்டியது என்று தோன்றுகிறது.

நீங்கள் திங்கள் மாலை எழுதியதை ப்ரியோனி செவ்வாய் காலை வந்துதான் படித்தாள். மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“மொய்ரா, இத படி. சும்மா சொல்றாரா, நிஜமா சொல்றாரா?”

“உனக்கு என்ன தோணுது?”

“அவர் எப்பவும் ஒரு ஜோக் அடிச்சுட்டுதான் முடிப்பார். நேத்து அடிக்கல.”

சட்டப் புத்தகத்தில் ‘கடுமையான ஆபத்து’ என்று இரண்டு சொல் இருக்கிறது. ஒருவர் ஜோக் அடிக்காமல் முடிப்பது அதில் சேருமா என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. உங்கள் எண்ணுக்கு அழைத்தோம். அணைத்திருந்தது. ஓட்டுநர்கள் என்ஜினில் ஏறியதும் போனை அணைத்துவிட வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போலீஸ் உங்கள் வீட்டுக்குப் போனது. கதவு பூட்டியிருந்தது, லொரெல் வேலைக்குப் போயிருந்திருப்பார். நான் வரைபடத்தைத் திறந்து அந்த வளைவைத் தேடினேன். அதற்குக் கீழே, குடும்பங்கள் வண்டிவீடுகளில் தங்குகிற ஒரு கேரவன் பூங்கா இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் ரயில் கம்பெனிக்குச் சொல்லச் சொன்னேன். கம்பெனிக்குச் சொன்னால் உங்கள் வேலை என்னவாகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க என்னால் முடியவில்லை. செய்தது தவறு என்று நினைத்தால்தானே கேட்க முடியும்? ஆனால் நீங்கள் கழுவுகிற பெட்டிகளைப் பற்றி நினைக்காத நாளில்லை.

அந்த நிபந்தனை வரிகளை எழுதியது நான். எழுத்தின் அளவை முடிவு செய்தது நான் அல்ல. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

உங்களைப் பற்றி இங்கே பதிவாகியிருக்கும் அனைத்தின் பிரதியையும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். அந்தப் பதிவுகள் வேறு எதற்கும் பயன்படாது என்று நான் உறுதியளிக்கிறேன்.

மொய்ரா காஸ்டிகன்

*

போர்ட் அகஸ்டா
மே 16

காஸ்டிகன் அம்மையாருக்கு,

உறுதியளிக்கிறேன் என்று எழுதினீர்களே.

உங்கள் முதலாளி ஃபெர்கஸ், சிட்னியில் ஏதோ மேடையில் நின்று பேசுகிற வீடியோ. லொரெலின் தங்கை அனுப்பியிருக்கிறாள். ‘தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு ரயில் ஓட்டுநர். வளைவில் வேகத்தைக் குறைக்கப் போவதில்லை என்று எங்களிடம் எழுதினார். இன்று அந்த ஊரில் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.’ கைதட்டல். பெயர் சொல்லவில்லையாம். இந்த ஊரில் போலீஸ் வந்து இறக்கிய ஓட்டுநர் எத்தனை பேர்?

லொரெல் அதைச் சமையலறையில் நின்றுகொண்டே பார்த்தாள். இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தாள்.

“பிரஷர்னுதானே சொன்ன?”

நான் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

“எங்கிட்ட சொல்ல வாய் வரல. மூஞ்சி தெரியாத ஒருத்திகிட்ட டைப் அடிக்க மட்டும் விரல் வந்துச்சா டெஸ்? நானும் கெரினும் பக்கத்து ரூம்லதான இருந்தோம்!”

கெரின் எங்கள் மகள். பள்ளிக்கூடத்தில் அவளிடம், உன் அப்பா வண்டி எப்போது கவிழும் என்று கேட்கிறார்களாம். மதுக்கடையில் நான் நுழைந்ததும் ஒருத்தன், “வாங்க ஹீரோ! இன்னிக்கு யாரையெல்லாம் விட்டு வெச்சிருக்கீங்க?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்கோ மட்டும் சிரிக்காமல் பீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

லொரெல் கெரினைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் போலீஸுக்குச் சொன்னதைக்கூட நான் தின்று செரித்திருப்பேன். இதை முடியாது.

டெஸ் ட்ரெலோர்

*

ப்ரன்ஸ்விக், மெல்பர்ன்
மே 25

திரு. ட்ரெலோர்,

இது என் வீட்டு முகவரி. இனி இங்கேதான்.

உங்கள் கடிதம் வந்த காலையில்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். ஃபெர்கஸிடம் அதற்கு முன் நான் என்ன சொல்லியிருந்தேன், அவர் என்ன பதில் சொன்னார் என்பதை உங்களிடம் சொல்ல முடியாது. வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குச் சொன்ன ஆலோசனை அவர்களுடைய சொத்து. உங்கள் ரகசியத்தை உடைக்க அனுமதித்த அதே சட்டம், அவர்களுடையதை உடைக்க என்னை விடாது. இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

செய்ததை மட்டும் சொல்கிறேன். நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ற முறையில், யாரையும் கேட்காமல், அந்த மாநாட்டுக்காரர்களுக்கு போன் செய்தேன். மத்தியானத்துக்குள் வீடியோவை எடுத்துவிட்டார்கள். ஃபெர்கஸ் என் அறைக்கு வந்தார். கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை, எல்லாரிடமும் மூச்சை மெல்ல இழுத்துவிடச் சொல்கிறவர்.

“மொய்ரா, நீ யாரோட லாயர்?”

“உங்களோடதுதான். அதனாலதான் எடுத்தேன்.”

“அந்தக் கதையால எத்தனை பேர் நம்மகிட்ட வந்திருக்காங்க தெரியுமா? உயிர் பிழைக்கிற விஷயம் இது.”

“அவர் உங்ககிட்ட கதை சொல்லல ஃபெர்கஸ். உதவி கேட்டார்.”

சாயங்காலம் என் அனுமதி அட்டை வாசலில் வேலை செய்யவில்லை. ப்ரியோனி என் கோட்டையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து தெருவில் கொடுத்தாள்.

நான் உங்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது இப்போதும் மாறவில்லை. சொல்லக்கூடியவர்கள் உங்கள் ஊரிலேயே இலவச சட்ட உதவி மையத்தில் இருக்கிறார்கள். போங்கள். தனியுரிமை ஆணையத்தில் புகார் செய்வது யாருக்கும் உள்ள உரிமை. அவ்வளவுதான் என்னால் எழுத முடிந்தது.

நான் கொடுத்த உறுதி காப்பாற்றப்படவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மொய்ரா

*

போர்ட் அகஸ்டா
ஆகஸ்ட் 30

மொய்ரா அம்மையாருக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கோபப்படத் தெம்பில்லை. காலையில் எழுந்து காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

சட்ட உதவி மையத்துக்குப் போனேன். வியட்நாமியப் பெண் ஒருத்தி, என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாகத் தெரிந்தாள், நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆணையம் இரு தரப்பையும் கூப்பிட்டது. உங்கள் பழைய முதலாளி திரையில் வந்தார். “டெஸ், உங்க வலிய நான் மதிக்கிறேன்” என்று ஆரம்பித்தார். அந்தப் பெண், “அவரோட வலி இருக்கட்டும் சார், நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க” என்றாள். எனக்கு வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

தீர்ப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் கதையை மேடையில் சொன்னது தவறு என்று உங்கள் பழைய நிறுவனத்தார் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். இனிமேல் எவருடைய கதையையும் அவரைக் கேட்காமல் மேடையில் சொல்ல மாட்டார்களாம். செயலியின் முதல் பக்கத்தில், எப்போது வெளியே சொல்வோம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுவார்களாம். போட்டிருக்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை. போலீஸையும் கம்பெனியையும் கூப்பிட்டது சட்டப்படி சரி என்று ஆணையம் சொல்லிவிட்டது. ஆக, அந்த விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

இப்போது ஒரு நிஜமான மருத்துவரைப் பார்க்கிறேன். மாதம் ஒரு முறை அடிலெய்டுக்குப் பஸ். லொரெல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கெரினைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஆட்டுக்கறி வறுத்து வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கெரின் என் பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரில் உட்காருகிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். இத்தனையும் இப்போது உங்களுக்குத் தெரியும். வீடு போனது, வேலை போனது, ஊர் சிரித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தால், நீங்கள் மறுபடியும் போன் செய்வீர்களா?

டெஸ்

*

மெல்பர்ன்
செப்டம்பர் 8

டெஸ்,

செய்வேன்.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை மூடிவிடப் பார்த்தேன். அது கோழைத்தனம்.

நான் இப்போது மனநலத் தீர்ப்பாயத்தில் நோயாளிகளுக்காக வாதாடுகிறேன். விருப்பமில்லாமல் மருத்துவமனையில் வைக்கப்பட்டவர்களை வெளியே விடச் சொல்லிக் கேட்கிற வேலை. சம்பளம் பாதிதான். கோப்பு என் கைக்கு வருவது விசாரணைக்குக் கொஞ்ச நேரம் முன்புதான். எதிரே உட்காருகிறவர்கள் எல்லாரும் நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். “சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க. அதுக்குப் போய் அடைச்சுட்டாங்க.”

போன மாதம் ஒரு பெண்ணுக்காக வாதாடி வெளியே கொண்டுவந்தேன். நர்ஸ் வேலை பார்த்தவள், பெயர் வேண்டாம். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, “நீங்க ஒருத்தர்தான் என்னை நம்புனீங்க” என்றாள். நான் நம்பினேனா? நான் அவளுடைய வழக்கறிஞர், அதனால் அவள் சொன்னதைச் சொன்னேன். அதற்குப் பிறகு என் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம், அவள் தன்னை ஏதாவது செய்துகொண்டாள் என்ற செய்தியோ என்று நினைத்துத்தான் எடுக்கிறேன். இதுவரை அந்தச் செய்தி வரவில்லை. வராமலே போகலாம். வராத செய்திக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்று யாரும் எனக்குச் சொல்வதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உங்களை இறக்கியாயிற்று. ரயில் நின்றது. என்ன நடந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. நீங்கள் சும்மா எழுதினீர்கள் என்றால், ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கலைத்தவள் நான். அதைச் சுமந்துகொண்டுதான், மறுபடியும் செய்வேன் என்கிறேன். உங்களுக்கு இது ஆறுதலாக இருக்காது. இருக்க வேண்டும் என்று எழுதவும் இல்லை.

எது நிஜம் என்று உங்களைக் கேட்க மாட்டேன். அது என்னுடையது அல்ல.

மொய்ரா

*

போர்ட் அகஸ்டா
நவம்பர் 14

மொய்ரா,

வியாழக்கிழமை மருத்துவக் குழு உட்கார்ந்தது. எனக்கு என்ஜினைத் திருப்பித் தரலாமா என்று பார்க்க. பாஸ்கோ எனக்காக ஒரு நல்ல சொல் சொல்லியிருந்தார். அடிலெய்டு மருத்துவரும் தேறிவிட்டான் என்றே எழுதியிருந்தார். லொரெல் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். “உள்ள போய் வளவளன்னு பேசாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்று சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

பாதி நேரம் தூக்கம், சாப்பாடு, குடி பற்றியே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் இருந்தது. கடைசியில் தலைமை மருத்துவர், நல்ல மனிதர், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். “டெஸ், அந்த வளைவைப் பத்தி எழுதினீங்களே. அது ஒரு களைப்புல வந்த பேச்சு. அப்படித்தானே?”

பதிலை அவரே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். ஆமாம் என்றால் போதும். ஜனவரி கடைசிபோல, கோடை விடுமுறை முடிந்ததும் மறுபடியும் ஏறியிருக்கலாம். எட்டு மாதமாக ஊரிடம், லொரெலிடம், ஆணையத்திடம், உங்களிடம் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். வாயில் பழகிப்போன சொல்.

வரவில்லை மொய்ரா. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையை முதன்முறையாக முழுக்கப் பார்த்தேன். நான் கெரினை எழுப்பாமல் அவள் அறை வாசலில் நின்றேன். எப்போதும் எழுப்பி, திட்டு வாங்கிவிட்டுப் போகிறவன். அன்றைக்கு நின்றேன், பார்த்தேன், கதவைச் சாத்தினேன். என்ஜினில் உட்கார்ந்தபோது மனசு ரொம்ப லேசாக இருந்தது. வெகுகாலமாக அப்படி இருந்ததில்லை.

“தெரியல டாக்டர்” என்றேன்.

“தெரியலன்னா?”

“அன்னிக்கு என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. பேச்சு இல்ல அது.”

அறையில் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு அவர், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். என்ஜின் இனிமேல் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் ஏதாவது பார்ப்பார்களாம்.

வெளியே லொரெல் எழுந்து நின்றாள். “என்ன சொன்ன?”

சொன்னேன். டாக்டரிடம் சொன்னதையும், கெரினின் கதவையும். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். காரின் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் கடவுப்பாதையில் சிவப்பு விளக்கு. தாது வண்டி, எங்கள் டிப்போவுடையதுதான். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்க நான் தலையைத் தூக்கவில்லை. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. லொரெல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி அழுதாள், சத்தமே இல்லாமல்.

கடைசிப் பெட்டி போய், விளக்கு அணைந்து, தடுப்புக் கட்டை மேலே ஏறியது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் வண்டியை எடுக்கவில்லை. அவன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தோம்.

டெஸ்